பிளாஸ்மா வெட்டு மேசைக்கு எந்த மோட்டார், எந்தக் கட்டுப்பாட்டுப் பலகை?

கேள்வி: கோண்டாவிலான்

வணக்கம். கோண்டாவிலில் ஒரு சிறிய ஒட்டுப் பட்டறை வைத்திருக்கிறேன். கேற், யன்னற் கிறில், மாடிப்படிக் கைபிடி ஆகியவைதான் இதுவரை என் பிழைப்பு. அண்மைக் காலமாக வீடு கட்டுகிறவர்கள், குறிப்பாக வெளிநாட்டிலிருந்து வந்து பழைய வீட்டைத் திருத்துகிறவர்கள், கம்பியை வளைத்துச் செய்யும் பூவேலையைக் கேட்பதில்லை. தகட்டில் வெட்டிய மயில், தாமரை, வீட்டுப் பெயர் ஆகியவற்றையே கேட்கிறார்கள். இப்போது அவற்றைச் சோக்கட்டியால் வரைந்து, பிளாஸ்மா வெட்டியை (மின்பொறியாலும் காற்றாலும் தகட்டை உருக்கி வெட்டும் கருவி) கையில் பிடித்து வெட்டி, பிறகு அரை நாள் கிறைண்டரோடு இருந்து விளிம்பைச் சரிசெய்கிறேன். இதைக் கணினியிடம் ஒப்படைக்கும் மேசை ஒன்றை நானே செய்ய முடிவெடுத்திருக்கிறேன்.

மேசை 4 அடிக்கு 8 அடித் தகட்டைத் தாங்கும் அளவானது. அடிச்சட்டத்தைப் பொக்ஸ் பாரில் ஒட்டி முடித்துவிட்டேன். குறுக்கே ஓடும் பாலச் சட்டம் வெட்டுமுனையோடும் அதன் தாங்கியோடும் சேர்த்து ஏறத்தாழ 30 கிலோகிராம் வரும். பிளாஸ்மா இயந்திரம் 40 அம்பியர். பெரும்பாலும் 1.5 முதல் 3 மில்லிமீற்றர் வரையான இரும்புத் தகடும், எப்போதாவது 6 மில்லிமீற்றர்த் தகடும் வெட்டுவேன்.

என் குழப்பம் மோட்டாரிலும் மின்னணுவிலும்தான். கொழும்புப் புறக்கோட்டையில் விசாரித்தபோது, பாரத்தைக் கேட்டுவிட்டு, 12 நியூற்றன் மீற்றர் நேமா 34 (நேமா எண் மோட்டாரின் முகப்பளவு) ஸ்ரெப்பர் மோட்டார், அதாவது படிப்படியாகச் சுழலும் மோட்டார், நான்கு போடுங்கள், சின்னது போட்டால் இழுக்காது என்றார்கள். வேறொரு கடையில் நேமா 23 போதும் என்றார்கள். மரவேலை இயந்திரம் ஒன்றிலிருந்து கழற்றிய 16 மில்லிமீற்றர் விட்டமும் 5 மில்லிமீற்றர்ப் புரியிடையும் கொண்ட போல் ஸ்குறூக்கள் (சுழன்று அச்சை நகர்த்தும் புரித் தண்டுகள்) மலிவாகக் கிடைக்கும் போலிருக்கிறது; அவற்றைப் பயன்படுத்தலாமா? கிளிநொச்சியில் பொறியியல் படிக்கும் என் மருமகன், ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு பலகையில் ஜிஆர்பிஎல் என்ற கட்டுப்பாட்டு மென்பொருளை ஏற்றினால் எல்லாம் நடக்கும் என்கிறான். கடைக்காரர் யூஎஸ்பிப் பலகை ஒன்றையும் அதற்குரிய மென்பொருளையும் தருவதாகச் சொல்கிறார். ஒருமுறை வாங்கிவிட்டால் திருப்பிக் கொடுக்க முடியாத பொருட்கள் என்பதால், செய்து பார்த்தவர்களிடம் கேட்டுவிட்டே பணத்தை எடுக்க நினைக்கிறேன்.


பதில்: கடைசற்பட்டறை, சுன்னாகம்

தம்பி, நீங்கள் கேள்வியைப் பின்பக்கத்திலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள். கடைக்காரர்களும் அதே பக்கத்திலிருந்துதான் பதில் சொல்லியிருக்கிறார்கள். பாரம் எவ்வளவு என்பது இரண்டாவது கேள்வி. வெட்டுமுனை எவ்வளவு வேகத்தில் ஓடவேண்டும் என்பதே முதற் கேள்வி. மரத்தைக் குடையும் இயந்திரத்தில் வெட்டும் அலகு மரத்தைத் தள்ளிக்கொண்டு போகிறது; அங்கே விசை வேண்டும். பிளாஸ்மா தகட்டைத் தொடுவதே இல்லை. ஆகவே உங்கள் மோட்டார் எதிர்கொள்வது பாலச் சட்டத்தின் சடத்துவத்தையும் சிறிதளவு உராய்வையும் மட்டுமே. ஆனால் மெல்லிய தகட்டில் நிமிடத்துக்கு 5,000 முதல் 6,000 மில்லிமீற்றர் வரை ஓடவேண்டியிருக்கும். மெதுவாகப் போனால் வெட்டு அகன்று, அடியில் கசடு கட்டும். 6 மில்லிமீற்றர்த் தகட்டில் அந்த வேகம் 1,500 அளவுக்கு இறங்கிவிடும். எனவே வடிவமைப்பைத் தீர்மானிப்பது உங்கள் மிக மெல்லிய தகடு.

அந்த வேகத்தை வைத்துக்கொண்டு போல் ஸ்குறூவைப் பார்ப்போம். ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீற்றர் நகர்வதால், நிமிடத்துக்கு 6,000 மில்லிமீற்றர் ஓட 1,200 சுற்றுகள் வேண்டும். ஸ்ரெப்பர் மோட்டாருக்கு அது ஏற்கெனவே மூச்சு வாங்கும் வேகம். அதைவிடப் பெரிய தடை, 16 மில்லிமீற்றர்த் தண்டு ஒன்றரை மீற்றர் நீளத்தில் ஏறத்தாழ 1,000 சுற்றுகளை அண்டும்போதே கயிறுபோல வீசத் தொடங்கும் என்பது. உங்கள் நீண்ட அச்சு இரண்டரை மீற்றர். வீசலெடுக்கும் வேகம் நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைவதால் அங்கே நினைத்தும் பார்க்க வேண்டாம். மலிவாகக் கிடைத்தாலும் அவற்றை விட்டுவிடுங்கள். நான் என் முதல் மேசையில் இதே தவறைச் செய்து, இரவு முழுவதும் தாங்கிகளை நேராக்கிக்கொண்டிருந்தவன். கோணல் தாங்கியில் இல்லை, கணக்கில் இருந்தது.

இந்த நீளத்துக்குப் பற்சட்டமும் பற்சில்லும்தான் பொருத்தம். மொடியூல் (பல்லின் அளவு) 1 உடைய 20 பல் கொண்ட பற்சில்லின் சுற்றளவு 62.8 மில்லிமீற்றர். அதை மோட்டார்த் தண்டிலேயே நேரடியாகப் பூட்டினால், 200 படிகள் கொண்ட மோட்டாரின் ஒரு முழுப் படி 0.31 மில்லிமீற்றர் ஆகிவிடும். மோட்டாரும் நிமிடத்துக்கு நூறு சுற்றுக்கும் குறைவாக, அது அதிரும் வேகத்திலேயே ஓடும். இடையில் பல்லுள்ள பெல்ற்றும் கப்பியும் கொண்டு மூன்றுக்கு ஒன்று குறைத்தால், மோட்டாரின் ஒரு சுற்று 20.9 மில்லிமீற்றர், முழுப் படி 0.1 மில்லிமீற்றர், 6,000 மில்லிமீற்றர் வேகத்தில் மோட்டார் 286 சுற்று. ஸ்ரெப்பர் தன் முழுப் பலத்தோடு மனநிறைவாக வேலை செய்யும் இடம் இதுதான். பிளாஸ்மா வெட்டின் அகலமே ஒரு மில்லிமீற்றருக்கு மேல் என்பதால் இதைவிட நுட்பம் தேடுவது வீண்.

இனி முறுக்குவிசை. செக்கனுக்குச் செக்கன் 2 மீற்றர் ஆர்முடுகல் எடுத்தால், 30 கிலோகிராமுக்கு 60 நியூற்றன். உராய்வுக்கு 20 நியூற்றன் சேர்த்தால் 80. பற்சில்லின் ஆரை 10 மில்லிமீற்றர், அதை மூன்றால் குறைத்தால் 3.33. பெருக்கினால் 0.27 நியூற்றன் மீற்றர். அதையும் இருபுறமும் உள்ள இரண்டு மோட்டார்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. மோட்டார் தன் சொந்த உருளையைச் சுழற்றுவதற்கான பங்கைச் சேர்த்தாலும் ஒவ்வொன்றுக்கும் 0.2 நியூற்றன் மீற்றருக்குக் குறைவாகத்தான் வருகிறது. ஆர்முடுகலை 5 ஆக உயர்த்தினாலும் 0.36. பிடிப்பு முறுக்குவிசை (நின்ற நிலையில் தாங்கும் அளவு) 3 நியூற்றன் மீற்றர் என்று விற்கப்படும் நேமா 23 மோட்டார், 36 வோல்ற்றில் 300 சுற்றில் ஒரு நியூற்றன் மீற்றருக்கு மேல் தரும்.

12 நியூற்றன் மீற்றர் நேமா 34 போட்டால் இன்னும் பாதுகாப்புத்தானே என்று கேட்பீர்கள். அந்த அளவு மோட்டாரின் உருளைச் சடத்துவம் ஏறத்தாழ 4,000 கிராம் சதுர சென்ரிமீற்றர். நான் சொன்ன குறைப்புக்குப் பிறகு உங்கள் பாலச் சட்டத்தில் ஒரு மோட்டாரின் பங்காக அதன் கண்ணுக்குத் தெரிவது 1,700 அளவுதான். அதாவது அந்த மோட்டார் உங்கள் சட்டத்தை விடத் தன்னைத்தானே சுழற்றவே அதிகமாக உழைக்கும். 3 நியூற்றன் மீற்றர் நேமா 23 இன் உருளை இதில் எட்டில் ஒரு பங்கு மட்டுமே. பெரிய மோட்டாருக்கு 60 முதல் 80 வோல்ற் வரை மின்வழங்கி வேண்டும், அதற்கேற்ற விலையுயர்ந்த ட்ரைவர் (மோட்டாரை ஓட்டும் மின்னணுப் பலகை) வேண்டும், ஒவ்வொன்றும் 5 கிலோவுக்கு மேல் நிறை. ஆனைக்குத் தீனி போட்டு ஆட்டுக்குட்டியை இழுக்கவைக்கும் வேலை. அதிலும் பற்சட்ட மேசையில் நான்கு மோட்டார்களையும் அந்தப் பாலச் சட்டமே சுமக்கவேண்டும்.

ட்ரைவரில் மிச்சம் பிடிக்க வேண்டாம். டிபி6600 என்று எழுதிய ட்ரைவர்ப் பலகைகள் எல்லாவற்றுக்குள்ளும் அந்தச் சில்லு (சிப்) இருப்பதில்லை. மூடியைக் கழற்றினால் வேறு சில்லு கண்ணில் படும், மேலே எழுதிய அம்பியர் அளவை அது தாங்காது. டிஎம்542 வகை எண்ணிமுறை ட்ரைவர் 20 முதல் 50 வோல்ற், 4.2 அம்பியர் வரை. அதிர்வும் இரைச்சலும் கண்கூடாகக் குறையும். மோட்டார் வாங்கும்போது பிடிப்பு முறுக்குவிசையை மட்டும் பார்க்காமல் தூண்டுதிறனையும் கேளுங்கள். மில்லிஹென்றியில் உள்ள தூண்டுதிறனின் வர்க்கமூலத்தை 32 ஆல் பெருக்கினால் அந்த மோட்டாருக்குக் கொடுக்கத்தக்க உச்ச உவோற்றளவு கிடைக்கும் என்பது பட்டறைகளில் பழகிவந்த கணக்கு. ஒரே முறுக்குவிசை உள்ள இரண்டில் தூண்டுதிறன் குறைந்ததே வேகத்தில் தளராது.


பதில்: மின்னோட்டம், இணுவில்

மோட்டாரைப் பற்றி ஐயா சொன்னதில் நான் மாற்றவேண்டியது எதுவும் இல்லை. ஆனால் இந்த மேசையை வெற்றியாக்குவதும் கெடுப்பதும் மோட்டார் இல்லை என்பது என் அனுபவம். மூன்று மேசைகளுக்கு மின்வேலை செய்திருக்கிறேன்; மூன்றிலும் மோட்டார் முதல் நாளே ஓடியது, மூன்றிலும் மாதக்கணக்கில் இழுத்தடித்தது மின் இரைச்சலும் வெட்டுமுனையின் உயரமும்தான்.

முதலில் உங்கள் மருமகனின் யோசனை. ஒரு சுற்றுக்கு 1,600 துடிப்பு என்று ட்ரைவரை வைத்தால், ஐயாவின் கணக்குப்படி ஒரு மில்லிமீற்றருக்கு 76 துடிப்பு; செக்கனுக்கு 100 மில்லிமீற்றர் ஓட 7,640 துடிப்பு. ஊனோவில் ஓடும் ஜிஆர்பிஎல் செக்கனுக்கு 30,000 வரை தரும் என்பதால் அந்தப் பக்கத்தில் குறை இல்லை. போல் ஸ்குறூவாக இருந்தால் 32,000 தேவைப்பட்டிருக்கும், பலகை திணறியிருக்கும். பற்சட்டம் அந்தச் சிக்கலையும் சேர்த்துத் தீர்த்துவிட்டது. ஆகவே மருமகன் சொன்னது பிழையில்லை, மரத்திலும் லேசரிலும் அது போதும். பிளாஸ்மாவுக்குப் போதாது.

காரணம் இது. வெட்டும்போது வெட்டுமுனை தகட்டுக்கு மேல் ஏறத்தாழ 1.5 மில்லிமீற்றரில் நிற்கவேண்டும்; துளையிடும்போது உருகிய இரும்பு மேலே தெறிக்காதிருக்க 3.8 வரை உயர்ந்து நிற்கவேண்டும். 2 மில்லிமீற்றர்த் தகடு சூடேறியதும் அப்பளம்போல மேலெழும். மேசை எவ்வளவு மட்டமாக இருந்தாலும் தகடு மட்டமாக இருக்காது. எனவே வெட்டும் நேரம் முழுவதும் உயரத்தை அளந்து திருத்திக்கொண்டே போகவேண்டும். அதை அளக்கும் வழி, முனைக்கும் தகட்டுக்கும் இடையே எரியும் மின்பொறியின் உவோற்றளவு: வெட்டும்போது 100 வோல்ற்றுக்கு மேல் இருக்கும் அந்த அளவு, முனை உயர்ந்தால் ஏறும், தாழ்ந்தால் இறங்கும். ஏறத்தாழ 5 வோல்ற் மாற்றம் அரை மில்லிமீற்றர் உயரத்துக்குச் சமம். இதைப் பார்த்து இசட் அச்சை (மேல்கீழாக ஓடும் அச்சை) அந்தந்தக் கணத்திலேயே ஏற்றி இறக்கும் அமைப்பைத்தான் உயரக் கட்டுப்பாடு என்கிறோம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மூலையில் இயந்திரம் வேகத்தைக் குறைக்கும்போது வெட்டு அகன்று, உவோற்றளவு ஏறும். முனை உயர்ந்துவிட்டது என்று எண்ணிக் கட்டுப்பாடு அதைக் கீழே இறக்கும். முனை தகட்டில் முட்டும். ஆகவே வேகம் குறையும் இடங்களில் உயரக் கட்டுப்பாட்டைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க வேண்டும். இயந்திரத்தின் வேகம் தெரிந்த மென்பொருள்தான் அதை ஒழுங்காகச் செய்யும். தனியாகப் பெட்டியில் வரும் உயரக் கட்டுப்பாட்டுக்கு அது தெரியாது, அல்லது இன்னொரு கம்பி மூலம் சொல்லிக்கொடுக்க வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் லினக்ஸ்சிஎன்சியைப் பரிந்துரைக்கிறேன். அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ற் உருவாக்கிய கட்டுப்பாட்டு மென்பொருளிலிருந்து வளர்ந்தது, இலவசம், பிளாஸ்மாவுக்கென்றே கியூற்றிபிளாஸ்மாசி என்ற இடைமுகம் அதனோடு வருகிறது. மூலைப் பூட்டு, துளையிடும் உயரம், தகட்டைத் தொட்டு உணர்தல் யாவும் அதற்குள் உள்ளன.

அதோடு மெசா 7ஐ96எஸ் என்ற கட்டுப்பாட்டுப் பலகையை இணைத்தால் ஐந்து அச்சுகளுக்கான துடிப்பைப் பலகையே உருவாக்கும். கணினி மெதுவானாலும் துடிப்புச் சீராக இருக்கும். 11 உள்ளீடு, 6 வெளியீடு, எல்லாம் மின்தனிமை செய்யப்பட்டவை. பொறி உவோற்றளவை மீடிறனாக மாற்றி அனுப்பும் சிறு பலகை ஒன்றும் அதே தயாரிப்பில் கிடைக்கிறது. அதைப் பிளாஸ்மா இயந்திரத்துக்கு அருகிலேயே வைத்தால், நீளக் கம்பியில் வருவது துடிப்பாக இருப்பதால் இரைச்சல் அதன் அளவைக் குழப்பாது. விலை அதிகம்தான். கையைக் கடித்தால், டீன்சி 4.1 இல் ஓடும் ஜிஆர்பிஎல்ஹால் என்ற வழித்தோன்றலைப் பாருங்கள். அதிலும் பிளாஸ்மாவுக்கான சேர்க்கை உண்டு, ஆனால் பலகையையும் தனிமைப்படுத்தலையும் நீங்களே கட்டவேண்டியிருக்கும். மருமகனுக்கு நல்ல படிப்பாக இருக்கும், உங்களுக்கு மேசை தாமதமாகும்.

கடைக்காரர் தரும் மென்பொருள் எது என்று நீங்கள் சொல்லவில்லை. மாக்3 என்ற பழைய கட்டுப்பாட்டு மென்பொருளாக இருந்தால், அதன் வளர்ச்சி நின்று ஆண்டுகள் பல ஆகின்றன. யூஎஸ்பிப் பலகைகள் பலவற்றில் உயரக் கட்டுப்பாடு பெயருக்கு மட்டுமே. யூஎஸ்பியில் இன்னொரு குறையும் உண்டு. உங்கள் பிளாஸ்மா உயர்மீடிறன் பொறியால் தொடங்கும் வகையா, காற்றழுத்தத்தால் மின்வாய் பின்வாங்கித் தொடங்கும் வகையா? முதல் வகையானால், விசையை அழுத்தும் ஒவ்வொரு தடவையும் பல ஆயிரம் வோல்ற் உயர்மீடிறன் அலை பட்டறை முழுவதும் பரவும். யூஎஸ்பி இணைப்பு அறுந்து, இயந்திரம் நடுத்தகட்டில் நிற்கும். ஈதர்நெற் இணைப்பின் இரு முனைகளிலும் சிறு நிலைமாற்றிகள் இருப்பதால் கணினியும் பலகையும் மின்னியல் ரீதியாகத் தொடர்பற்றிருக்கும். மெசாவின் ஈதர்நெற் பலகையைச் சொன்னதற்கு அதுவும் காரணம். மோட்டாருக்கு முன் உங்கள் இயந்திரத்தின் தொடங்கும் முறையைக் கண்டுபிடியுங்கள். பழைய ஏஎம் வானொலியை நிலையம் இல்லாத இடத்தில் வைத்து அருகில் நின்று அழுத்திப் பாருங்கள். முதல் கணத்தில் சோளப்பொரி வெடிப்பதுபோலப் பொரிந்தால் அது உயர்மீடிறன் வகை.


பதில்: பருத்தித்துறையான்

இருவரும் திறந்த முறை ஸ்ரெப்பரோடு நின்றுவிட்டார்கள். என்னுடைய கருத்து வேறு. வெட்டி விழவேண்டிய துண்டு சில வேளைகளில் விழாமல் ஒரு பக்கம் நிமிர்ந்து நிற்கும். வெட்டுமுனை அதில் மோதினால் சாதாரண ஸ்ரெப்பர் சில படிகளைத் தவறவிடும், தவறவிட்டது கணினிக்குத் தெரியாது, மீதித் தகடு முழுவதும் சில மில்லிமீற்றர் விலகியே வெட்டப்படும். என்னிடம் ஒரு கோயில் வாசற்கதவுக்கான தகடு இப்படித்தான் வீணானது. விலகியதைப் பார்த்தபோது ஓமின் வால் தனியாகக் கிடந்தது. அதன்பிறகு குறியாக்கி (உண்மையில் எவ்வளவு சுழன்றது என்று அளக்கும் உணரி) பொருத்திய மூடிய சுற்று ஸ்ரெப்பருக்கு மாறினேன். பிந்தினால் உடனே எச்சரிக்கை தந்து இயந்திரத்தையே நிறுத்துகிறது. சும்மா நிற்கும்போது மின்னோட்டத்தைக் குறைப்பதால் மோட்டாரும் சூடாவதில்லை. 400 வாற்று ஏசி சேர்வோவுக்குப் போகவேண்டிய தேவை இந்த மேசையில் இல்லை. அது 3,000 சுற்றில் 1.27 நியூற்றன் மீற்றர் தருவது, அதன் பலனைப் பெற மூன்றுக்கு ஒன்று போதாது, பத்துக்கு ஒன்று வேண்டும்.

கடலோரக்காரனாக ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். பிளாஸ்மாத் தூசி நுண்ணிய இரும்புத் தூசி. அது மின்னைக் கடத்தும். அதோடு உப்புக்காற்றின் ஈரம் சேர்ந்தால் ட்ரைவரின் இணைப்புகளுக்கிடையே துரு பாலம் கட்டும். மின்விசிறி வைத்த திறந்த பெட்டி தூசியை உள்ளே இழுத்துத் தரும் பெட்டி. மூடிய பெட்டியில் வடிகட்டி வழியாகக் காற்றை உள்ளே தள்ளும் விசிறியை வையுங்கள். கம்பி நுழையும் துளைகளை இறுக்கி அடையுங்கள். என் பெட்டியில் ஒருமுறை பியூஸ் எரிந்ததற்குக் காரணம் இணைப்புகளுக்குக் குறுக்கே படுத்திருந்த பல்லி.


பதில்: கடைசற்பட்டறை, சுன்னாகம்

பருத்தித்துறையார் சொல்வது நியாயம், ஆனால் மோதலுக்கு மருந்து மோட்டாரில் இல்லை. வெட்டுமுனையைக் காந்தத்தால் பிடித்துவைத்து, மோதினால் கழன்று விழும்படி செய்து, கழன்றதும் இயந்திரத்தை நிறுத்தும் ஒரு விசையை வைத்தால் படியும் தவறாது, முனையும் உடையாது. மூடிய சுற்று மோட்டார் பிந்தியதை உணர்வதற்குள் முனை வளைந்திருக்கும். அதோடு குறியாக்கியின் மெல்லிய கம்பிகள் பாலச் சட்டத்தில் பிளாஸ்மாக் கேபிளோடு ஓடவேண்டியிருக்கும்; உயர்மீடிறன் இயந்திரமானால் இல்லாத பிழையை அது கண்டுபிடித்து நிறுத்திக்கொண்டிருக்கும். பணம் மிஞ்சினால் போடலாம். மிஞ்சாவிட்டால் உயரக் கட்டுப்பாட்டுக்குப் பிறகு பார்க்கலாம்.


பதில்: கோண்டாவிலான்

எல்லோருக்கும் நன்றி. வானொலியை வைத்துப் பார்த்தேன். பொரிந்தது மட்டுமன்றிப் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியும் ஆடியதாக வேலிக்கு மேலால் முறைப்பாடு வந்தது. ஆகவே என்னுடையது உயர்மீடிறன் வகைதான். மோட்டாரை நேமா 23, 3 நியூற்றன் மீற்றர், நான்கு என்று முடிவெடுத்துவிட்டேன். நீண்ட அச்சுக்கு இரண்டு, குறுக்கே ஒன்று, உயரத்துக்கு ஒன்று. போல் ஸ்குறூவைக் கைவிட்டேன். இப்போது என் கேள்வி இரண்டு. இந்த இயந்திரத்தை வைத்துக்கொண்டே மேசையைச் செய்யமுடியுமா, அல்லது அதையும் மாற்றவேண்டுமா? மின்வழங்கி 36 வோல்ற்றா, 48 ஆ? என் பட்டறைக்கு 30 அம்பியர் ஒற்றைக் கட்ட இணைப்பு மட்டுமே உள்ளது. மாலையில் விளக்கு மங்குமளவுக்கு உவோற்றளவு இறங்கும்.


பதில்: மின்னோட்டம், இணுவில்

உண்மையைச் சொன்னால், மாற்ற முடியுமானால் மாற்றுங்கள். கைவேலைக்கு உங்கள் இயந்திரம் நல்ல இயந்திரம். அதைக் கைக்கே வைத்துக்கொண்டு, மேசைக்கு உயர்மீடிறன் இல்லாததும், கணினி இணைப்புக்கான துறையில் பிரித்துக் குறைத்த உவோற்றளவு தருவதுமான ஒன்றைப் பின்னர் வாங்கலாம். இப்போதைக்கு இருப்பதை வைத்தே தொடங்குவதானால் வயரிங்கில் சலுகை காட்டக்கூடாது. பொறியின் உவோற்றளவுக் கம்பியை நேரே கட்டுப்பாட்டுப் பெட்டிக்குக் கொண்டுவர வேண்டாம். வெட்டாத நேரத்தில் அதில் 250 வோல்ற்றுக்கு மேல் நிற்கும், தொடங்கும் கணத்தில் ஆயிரக்கணக்கில். அது ஆளையும் அடிக்கும், பலகையையும் அடிக்கும். பிளாஸ்மாப் பெட்டிக்குள்ளேயே தடைகளால் பிரித்துக் குறைத்து, வடிகட்டிய பிறகே வெளியே எடுக்கவேண்டும். பழகாதவர் அந்தப் பெட்டியைத் திறக்கக்கூடாது; மின்னைத் துண்டித்த பின்னும் உள்ளிருக்கும் கொள்ளளவிகளில் மின்னேற்றம் தங்கியிருக்கும்.

எல்லை விசைகளுக்கு (அச்சு முடிவை எட்டியதும் இயந்திரத்தை நிறுத்தும் விசைகள்) 5 வோல்ற் வேண்டாம். 24 வோல்ற்றில், சாதாரண நிலையில் மூடியிருக்கும் வகையைப் போடுங்கள். கம்பி அறுந்தாலும் இயந்திரம் நின்றுவிடும். மோட்டார்க் கேபிள்கள் உறையிட்டவையாக இருக்கட்டும். உறையைப் பெட்டிப் பக்கத்தில் மட்டும் புவியோடு தொடுங்கள், மற்ற முனையை வெட்டிச் சுற்றிவிடுங்கள். பிளாஸ்மாக் கேபிளை மோட்டார்க் கேபிளோடு ஒரே சங்கிலித் தட்டில் போடாமல் மேலே தனியாகத் தொங்கவிடுங்கள். இயந்திரத்தின் பிடிக்கவ்வியை மேசைச் சட்டத்தில் கவ்வாமல், தகடு கிடக்கும் பட்டைகளோடு தடித்த கம்பியால் நிரந்தரமாகப் பூட்டுங்கள்.

புவித்தொடுப்புத்தான் எங்கள் ஊரில் கஷ்டம். சில அடிச் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல் தட்டுப்படும். செப்புக் கோல் அதற்கு மேல் இறங்காது. மாரியில் நன்றாக இருக்கும் தொடுப்பு, சித்திரை வைகாசியில் மண் காய்ந்ததும் பெயருக்கே இருக்கும். ஒரே கோலை நம்பாமல், இரண்டு மூன்று கோல்களைச் சில அடி இடைவெளியில், தண்ணீர் தேங்கும் பக்கமாக, முடிந்தால் கிணற்றடி வாய்க்காலோரமாக இறக்கி ஒன்றாகப் பிணையுங்கள். அவற்றை வீட்டின் பிரதான புவித்தொடுப்போடும் இணைக்கவேண்டும். தனித்து விட்டால் இடிமின்னல் நாட்களில் இரண்டுக்கும் இடையிலான உவோற்றளவு உங்கள் பலகை வழியாகத்தான் போகும். ஐப்பசி கார்த்திகையில் வேலை முடிந்ததும் செருகியைக் கழற்றி வையுங்கள்.

மின்வழங்கி 36 வோல்ற் ஆகட்டும். டிஎம்542 இன் எல்லை 50. பாரமான பாலச் சட்டம் அமர்முடுகும்போது மோட்டார் மின்பிறப்பாக்கியாகி உவோற்றளவைத் திருப்பித் தள்ளும். 48 இல் தொடங்கினால் அதற்கு 2 வோல்ற் இடம்தான் மிஞ்சும். 286 சுற்றுக்கு 36 தாராளம். மோட்டார்களின் அம்பியரைக் கூட்டி மூன்றில் இரண்டு பங்கு எடுத்தால் போதும்: 4.2 வீதம் நான்குக்கு 16.8, அதில் 11 அம்பியர். 36 வோல்ற்றில் 400 வாற்று. வளைய நிலைமாற்றி வைத்துக் கட்டும் மின்வழங்கி பொதுவாக எனக்குப் பிடித்தது, ஆனால் உங்கள் வீதியில் மாலையில் இறங்கி நள்ளிரவில் ஏறும் உவோற்றளவை அது அப்படியே ட்ரைவருக்குக் கடத்தும். உங்களுக்கு, அந்த ஏற்ற இறக்கத்தைச் சமாளித்துச் சீராகத் தரும் ஆளி (சுவிட்ச்சிங்) வகை மின்வழங்கியே நல்லது.

மோட்டார்கள் மின்னிணைப்புக்குப் பாரமே அல்ல. பாரம் பிளாஸ்மாவும் காற்றமுக்கியும். 40 அம்பியரில் வெட்டும்போது பிளாஸ்மா 20 முதல் 25 அம்பியர் இழுக்கும். 2 குதிரைவலுக் காற்றமுக்கி ஓடும்போது இன்னும் 9, தொடங்கும் கணத்தில் அதன் பல மடங்கு. 30 அம்பியர் இணைப்பில் இரண்டும் ஒன்றாக நிற்காது. மூன்று கட்ட இணைப்புக்கு விண்ணப்பித்துவிட்டு, அது வரும்வரை காற்றுத் தொட்டியை நிரப்பி, காற்றமுக்கியை நிறுத்தி, சிறு சிறு வேலைகளாக வெட்டுங்கள்.

கடைசியாக ஒரு வரிசை. பிளாஸ்மாவைப் பொருத்துவதற்கு முன், வெட்டுமுனையின் இடத்தில் ஒரு பேனாவைக் கட்டி, தகட்டின் மேல் கடதாசி விரித்து உங்கள் மயிலை வரையவையுங்கள். மூலைகள் மூடுகின்றனவா, தொடங்கிய புள்ளிக்கே திரும்பி வருகிறதா என்று பாருங்கள். அது சரியானதும், பேனா வரைந்துகொண்டிருக்கும்போதே பக்கத்தில் கையால் பிளாஸ்மாவை இருபது முப்பது தடவை பொறியவிடுங்கள். கோடு ஒருமுறை துள்ளினாலும் வயரிங்கைத் திரும்பப் பாருங்கள். ட்ரைவருக்கு மின் இருக்கும்போது மட்டும் மோட்டார்க் கம்பியைக் கழற்றவேண்டாம். அந்த நொடியிலேயே ட்ரைவர் போய்விடும்.


பதில்: கோண்டாவிலான்

பேனாச் சோதனை நல்ல யோசனை. கடதாசியைவிட மலிவான தகடு எனக்குக் கிடைக்காது. மருமகன் அடுத்த விடுமுறைக்கு வரும்போது மெசாப் பலகையை அவன் கையிலேயே கொடுத்துப் பொருத்தச் சொல்கிறேன். கோல்களை இறக்க நாளைக்கே கிணற்றடியில் தொடங்குகிறேன். எத்தனை அடியில் கல் தட்டியது என்று எழுதுகிறேன்.